வளைந்த ஸ்லாட்டை எதில் வெட்டுவது: ரோட்டரி டேபிளா, டிஆர்ஓவா, ஜிக்கா, அரமா?

சுழலும் கையில் மாட்டியிருந்த முளை (pin), வளைந்த ஸ்லாட்டில் (நீள்துளையில்) பாதி தூரம் நன்றாக வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம் இறுகி நின்றுவிட்டது. ஆரம் 50 மி.மீ., அகலம் 8 மி.மீ., ஒரு முனையின் மையத்திலிருந்து மறுமுனையின் மையம் வரை 60 டிகிரி. சிக்கலான வேலையே இல்லை. மில்லிங் மெஷின்மேல் வைக்கிற ரோட்டரி டேபிளில் (சுழலும் வட்ட மேஜையில்)தான் வெட்டினேன், சென்டர் பார்ப்பதற்கே முக்கால் மணி நேரம் செலவழித்தேன். அளந்து பார்த்தால் ஒரு முனையில் ஆரம் 50, மறுமுனையில் 50.2. மெஷின் டேபிளின் எக்ஸ் (இட-வலத் திசை) பூட்டை இறுக்க மறந்திருக்கிறேன். வெட்டுகிற அதிர்வில் அந்த டேபிள் மெல்ல மெல்ல நகர்ந்து, வட்டத்தின் துண்டாக வர வேண்டியது நத்தைச் சுருளின் துண்டாக வந்துவிட்டது.

"வளைந்த ஸ்லாட் வெட்டணும், ரோட்டரி டேபிள் வாங்கட்டுமா, இல்லை இருக்கிற டிஆர்ஓவை (டேபிளின் நகர்வை எண்ணில் காட்டும் கருவியை) வைத்தே ஒப்பேற்றலாமா" என்று கேட்கிறவர்கள் எல்லாரும் கருவியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். நல்ல கருவியிலும் மோசமான ஸ்லாட் வெட்டலாம், மேலே சொன்னதே சாட்சி. அந்த ஸ்லாட்டுக்குள் என்ன ஓடப்போகிறது என்பதிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

உள்ளே என்ன ஓடுகிறது? மோட்டாரைச் சாய்த்து பெல்ட்டை இறுக்குகிற பிராக்கெட் என்றால், 8 மி.மீ. போல்ட்டுக்கு 9 மி.மீ. ஸ்லாட், மேலே ஒரு வாஷர். சுவர் கால் மி.மீ. அலைந்தாலும் யாருக்கும் தெரியாது, போல்ட்டுக்கும் கவலை இல்லை. ஒரு பின்னை வழிநடத்துகிற ஸ்லாட் என்றால் அகலமும் ஆரமும் முழு நீளத்துக்கும் மாறாமல் இருக்க வேண்டும். மாடல் நீராவி இன்ஜினின் எக்ஸ்பான்ஷன் லிங்க் (வால்வை இயக்கும் வளைந்த ஸ்லாட் பாகம்) மாதிரி, உள்ளே ஒரு கட்டை ஆட்டம் இல்லாமல் ஓட வேண்டும் என்றால் சுவரின் செங்குத்தும் மினுமினுப்பும் கூடக் கணக்கில் வரும்.

மையம் எங்கே இருக்கிறது? இதைப் பலரும் யோசிப்பதே இல்லை. வட்டத்தின் மையம் வேலைத்துண்டுக்குள்ளேயே ஒரு துளையாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மையம் துண்டுக்கு வெளியே காற்றில் இருந்தால் கதை வேறு. ஆரம் 400 மி.மீ. என்றால் இன்னொரு கதை.

எத்தனை துண்டு? ஒன்றா, இருபதா.

உங்கள் மெஷினின் உயரமும் உறுதியும். ஸ்பிண்டிலுக்கும் (கட்டரைச் சுழற்றும் தண்டுக்கும்) டேபிளுக்கும் நடுவே உள்ள இடத்தில் கோலட் (கட்டரைக் கவ்வும் பிடி), எண்ட் மில் (பக்கவாட்டில் வெட்டும் கட்டர்), துண்டு, அடிப்பலகை, ரோட்டரி டேபிள் எல்லாம் அடங்க வேண்டும். சின்ன மெஷின்களில் இந்த ஒன்றே தீர்ப்பு சொல்லிவிடும்.

## எந்த வழியானாலும் எண்ட் மில்லின் சேட்டை ஒன்றுதான்

வழிகளைப் பார்க்குமுன் இதைப் பேசிவிடலாம். 8 மி.மீ. எண்ட் மில்லால் 8 மி.மீ. ஸ்லாட் வராது. முழு அகலத்தில் வெட்டும்போது கட்டர் போகிற திசைக்குக் குறுக்கே கொஞ்சம் வளைந்து ஒதுங்கும், ஸ்லாட் பெரிதாகும், சுவரும் லேசாகச் சாயும். கோலட்டில் ஓட்டம் (மையம் விலகிச் சுற்றுவது) இருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். அகலம் முக்கியம் என்றால் சின்ன கட்டரால் நடுவே வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு சுவரையும் தனித்தனியாக மெல்லிசாகச் சீவி அளவுக்குக் கொண்டு வர வேண்டும்.

இதில் ஒரு பின்விளைவு உண்டு. 10 மி.மீ. ஸ்லாட்டை 8 மி.மீ. கட்டரால் இரண்டு பக்கமும் ஒரு மி.மீ. தள்ளி முடித்தால் முனைகள் அரைவட்டமாக வராது, நடுவில் தட்டையாகி, இரண்டு மூலையும் 4 மி.மீ. ஆரத்தில் நிற்கும். முனை சரியான அரைவட்டமாக வேண்டும் என்றால் முதலில் இரண்டு முனைத் துளைகளையும் போட்டு 10 மி.மீ. ரீமர் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) ஓட்டிவிடுங்கள், அப்புறம் நடுவில் இருப்பதை வெட்டுங்கள். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் நான் இப்படித்தான் ஆரம்பிக்கிறேன். கண்ணுக்கும் எங்கே நிறுத்துவது என்று ஒரு எல்லை தெரியும்.

அப்புறம், எண்ட் மில்லை ட்ரில் சக்கில் பிடிக்காதீர்கள். பக்கவாட்டு விசையில் சக் தளரும், கட்டரின் திருகு வடிவம் அதைக் கீழே இழுத்துக்கொண்டே போகும், ஒரு மி.மீ. ஆழம் வைத்த இடத்தில் மூன்று மி.மீ. போயிருக்கும். கோலட் செட் என்பது எல்லா வழிக்கும் பொதுவான மறைமுகச் செலவு.

## ரோட்டரி டேபிள்

துண்டை வட்ட மேஜையில் பூட்டி, மேஜையைச் சுற்றினால் கட்டர் வளைவாக வெட்டும். வட்டத்தை மெஷினே போட்டுக்கொடுக்கிறது, நம் கணக்கு அதில் எதுவும் இல்லை. 90-க்கு 1 விகிதம் என்றால் கைப்பிடி ஒரு சுற்றுக்கு 4 டிகிரி, 72-க்கு 1 என்றால் 5 டிகிரி. 50 மி.மீ. ஆரத்தில் ஒரு டிகிரி 0.87 மி.மீ., ஒரு நிமிடக் கோணம் (டிகிரியில் அறுபதில் ஒன்று) 0.015 மி.மீ. கூட இல்லை. ஆகவே முனைகள் எங்கே நிற்க வேண்டும் என்பதில் இதற்கு நிகர் கிடையாது.

துல்லியம் கெடுவது சென்டரில்தான், அங்கேயும் எல்லாத் தவறும் சமம் இல்லை. ஸ்பிண்டிலின் நேர் கீழே மேஜையின் மையம் வந்ததும் பூஜ்யம் வைத்து, பிறகு எக்ஸில் 50 மி.மீ. நகர்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். பூஜ்யம் வைத்ததில் எக்ஸில் 0.1 மி.மீ. தவறு இருந்தால் ஆரத்தில் அப்படியே 0.1 மி.மீ. தவறு. அதே 0.1 ஒய்யில் (முன்-பின் திசையில்) இருந்தால் ஆரம் மாறுவது 0.0001 மி.மீ.தான், ஸ்லாட் முழுக்க சுமார் 7 நிமிடக் கோணம் சுற்றி நிற்கும், அவ்வளவே. எனவே டயல் கேஜை (முள் காட்டும் அளவுகருவியை) ஸ்பிண்டிலில் மாட்டிச் சுழற்றி மேஜையின் நடுத்துளையைப் பார்க்கும்போது எக்ஸ் பக்கம் பிடிவாதமாக இருங்கள், ஒய்யில் முள் ஒரு கோடு ஆடினால் அழ வேண்டாம்.

ஆனால் துண்டின் மையத்துக்கும் மேஜையின் மையத்துக்கும் இடையே உள்ள தவறுக்கு இந்தச் சலுகை கிடையாது, எந்தத் திசையில் இருந்தாலும் ஸ்லாட்டின் மையம் அந்த அளவுக்கு நகர்ந்துவிடும். துண்டில் மையத்துளை இருந்தால் லேத்தில் இரண்டு விட்டமுள்ள ஒரு பிளக் கடைந்து, கீழ்ப்பாதி மேஜையின் துளையிலும் மேல்பாதி துண்டின் துளையிலும் உட்காரும்படி செய்துகொள்வதுதான் எனக்குப் பிடித்த வழி. ஒருமுறை கடைந்தால் ஆயுசுக்கும் உதவும்.

சுற்றும் திசையிலும் கவனம் வேண்டும். வெளிச்சுவரைச் சீவும்போது மேலிருந்து பார்த்து மேஜையைக் கடிகார முள்ளுக்கு எதிராகவும், உள்சுவருக்குக் கடிகார முள் போகிற திசையிலும் சுற்றுங்கள். மாற்றிச் சுற்றினால் கட்டர் துண்டைத் தன் பக்கம் இழுக்கும், மேஜையைச் சுற்றும் புழுப்பல்லில் (worm gear) இருக்கிற பேக்லாஷ் (பற்களுக்கு இடையே உள்ள தளர்வு) அளவுக்கு மேஜை திடீரென்று எகிறும், சுவரில் ஒரு கொத்து விழும். மேஜைப் பூட்டை முழுக்கத் தளர்த்தாமல் கைப்பிடி கொஞ்சம் கனமாகச் சுற்றுகிற அளவுக்கு இறுக்கி வைத்தால் இந்த அபாயம் குறையும். எக்ஸ், ஒய் இரண்டையும் பூட்டுங்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

மறைமுகச் செலவுகள்: முதலாவது உயரம். சின்ன மேஜையே ஏழெட்டு சென்டிமீட்டர் விழுங்கும். இரண்டாவது கிளாம்ப். மெஷின் டேபிளுக்கு வாங்கிய கிளாம்புகள் சின்ன மேஜையின் டி-ஸ்லாட்டில் நுழையாது, நுழைந்தாலும் சுற்றும்போது போல்ட் தலை கோலட்டில் இடிக்கும். ஸ்பிண்டிலை நிறுத்திவிட்டு ஒருமுறை முழுதாகச் சுற்றிப் பாருங்கள். மூன்றாவது, கீழே ஒரு அலுமினியப் பலகை. அது இல்லாமல் ஸ்லாட்டைத் துளைத்து இறக்கினால் மேஜையின் முகத்தில் பிறை மாதிரி ஒரு தழும்பு விழும். பழைய மேஜைகள் பலவற்றில் இதைப் பார்க்கலாம். கடைசியாக எடை. ஒவ்வொரு தடவையும் தூக்கி வைத்து, நேர் பார்த்து, இறக்கி. ஒரு ஸ்லாட்டுக்காக இதைச் செய்யும்போதுதான் அரத்தின் அருமை தெரியும்.

## டிஆர்ஓ, அல்லது டயலும் ஒரு பட்டியலும்

வளைவை நிறையப் புள்ளிகளாக உடைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் எண்ட் மில்லை நேராக இறக்குவது. பல டிஆர்ஓக்களில் வளைவுக்கென்றே ஒரு செயல்பாடு இருக்கிறது. மையம், ஆரம், தொடக்கக் கோணம், முடிவுக் கோணம் கொடுத்தால் அடுத்தடுத்த புள்ளிக்கு அதுவே கூட்டிப்போகும். இல்லாவிட்டாலும் மோசம் இல்லை. ஆரத்தைக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் எக்ஸ், சைனால் பெருக்கினால் ஒய். கணினியில் ஒரு விரிதாள் போட்டு அச்சடித்து மெஷின் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம்.

சுவர் எவ்வளவு கரடுமுரடாக வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தின் வர்க்கத்தை, கட்டர் விட்டத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் நிற்கிற மேட்டின் உயரம் கிடைக்கும். 8 மி.மீ. கட்டர், ஒரு மி.மீ. படி என்றால் 0.03 மி.மீ. அரை மி.மீ. படி என்றால் 0.008. என்னுடைய 50 மி.மீ. ஆர ஸ்லாட்டில் டிகிரிக்கு ஒன்றாக 61 இறக்கம், மேடு 0.024 மி.மீ. அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் போய்விடும்.

61 இறக்கம் என்பதைத்தான் யோசிக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு கைப்பிடி, இரண்டு பூட்டு, ஒரு இறக்கம், ஒரு ஏற்றம். நாற்பதாவது புள்ளியில் மனம் எங்கோ போயிருக்கும், பட்டியலில் ஒரு வரி தாண்டிவிடும், சுவரில் ஒரு பல் குறைந்து தெரியும். முடித்த வரியை ஸ்கேலால் மறைத்துக்கொண்டே போங்கள். போன் அடித்தால் எடுக்காதீர்கள்.

டிஆர்ஓ இல்லாமல் டயலை நம்பித்தான் செய்ய வேண்டும் என்றால் துண்டை வைக்கிற கோணத்திலேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. 90 டிகிரிக்குள் அடங்கும் வளைவு முழுவதும் ஒரே கால்வட்டத்துக்குள் வருமாறு துண்டைத் திருப்பிப் பூட்டினால், தொடக்கத்திலிருந்து முடிவு வரை எக்ஸ் ஒரே திசையில் நகரும், ஒய்யும் ஒரே திசையில் நகரும். திரும்பி வரவே வேண்டியதில்லை, ஆகவே பேக்லாஷ் என்ற பேச்சுக்கே இடம் இல்லை. வளைவு எக்ஸ் அச்சையோ ஒய் அச்சையோ தாண்டினால் அங்கே ஒரு திருகு திசை மாறும், அந்த இடத்தில் சுவரில் ஒரு படி விழும்.

கட்டர் நடுமுனையிலும் வெட்டுகிற வகையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நேராக இறங்காது. முன்பே சின்ன ட்ரில்லால் பெரும்பாலான உலோகத்தை எடுத்துவிட்டால் நல்லது. அரைப் பிறையாக வெட்டும்போது கட்டர் காலி இடத்தைப் பார்த்து ஒதுங்குவது குறையும். இரண்டு கைப்பிடியையும் ஒரே நேரத்தில் சுற்றி வளைவாக ஓட்டிவிடலாம் என்று தோன்றும். தோன்றட்டும், செய்ய வேண்டாம்.

இந்த வழியின் பெரிய பலம், மையம் எங்கே இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. 400 மி.மீ. ஆரமா, மையம் மெஷினுக்கே வெளியேயா, எண்கள் மாறும், அவ்வளவுதான்.

## முளை வைத்த ஜிக்

ஒரு அடிப்பலகை, அதில் அடித்து இறக்கிய ஒரு முளை, அந்த முளையைச் சுற்றித் திரும்பும் மேல்பலகை, அதன்மேல் துண்டு, இரண்டு முனைக்கும் தடுப்பு. அடிப்பலகையை மெஷினில் பூட்டிவிட்டு மேல்பலகையைத் திருப்பினால் ஸ்லாட் தயார். உயரம் அதிகம் கேட்காது, மையம் துண்டுக்கு வெளியே இருந்தாலும் பிரச்சினை இல்லை, மேல்பலகையை நீட்டிக்கொண்டால் போதும். இருபது துண்டு வேண்டும் என்றால் இருபதும் ஒரே அச்சு.

ஆனால் இதைச் செய்து பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரு நீளக் கைப்பிடி வைத்துக் கையால் தள்ளுகிறார்கள். எனக்கு இது பிடிக்காது. கட்டர் பிடித்து இழுத்தால் கையால் நிறுத்த முடியாது. உடைவது எண்ட் மில்லோடு முடிந்தால் அதிர்ஷ்டம். எம்8 திரெட் ராடு ஒன்றைத் தள்ளுகோலாக வையுங்கள், சுற்றுக்கு 1.25 மி.மீ. நகரும். எதிர்ப்பக்கம் இன்னொரு திருகு முட்டிக்கொண்டிருந்தால் கட்டர் இழுத்தாலும் எங்கும் போகாது. செய்ய ஒரு மாலை கூடுதலாகும்.

மறைந்திருக்கும் பலவீனம் முளையின் பொருத்தம். முளைக்கும் துளைக்கும் இடையே 0.03 மி.மீ. ஆட்டம் இருந்தால் அது அப்படியே ஸ்லாட்டின் அகலத்தில் சேரும். துளையை ட்ரில்லோடு விடாமல் ரீமர் ஓட்டுங்கள். இன்னொன்று, ஆரம் மாறினால் பலகையை நகர்த்தி மறுபடி பூஜ்யம் பார்க்க வேண்டும், அப்போது ஜிக்கின் சௌகரியம் பாதி போய்விடும்.

மில்லிங் மெஷின் இல்லை, ட்ரில்லிங் மெஷினில் இதே ஜிக்கை வைத்து எண்ட் மில் ஓட்டலாமா என்றால், கூடாது. அதில் சக் வெறும் டேப்பர் பிடியில் நிற்கிறது, பக்கவாட்டு விசையில் சக்கோடு கழன்று விழும்.

## துளை வரிசையும் அரமும்

டிவைடரால் வளைவைக் கீறி, பஞ்ச் அடித்து, வரிசையாகத் துளை போட்டு, இடையில் நிற்பதை உடைத்து, அரம் போடுவது. 8 மி.மீ. ஸ்லாட்டுக்கு 7 மி.மீ. துளைகள், 7.5 மி.மீ. இடைவெளி, நடுவில் அரை மி.மீ. சுவர் நிற்கட்டும். துளைகள் ஒன்றையொன்று தின்னும்படி நெருக்கினால் ட்ரில் காலிப் பக்கம் சறுக்கும். பிராக்கெட்டுக்கு இது தாராளமாகப் போதும், நான் இன்னும் இப்படித்தான் செய்கிறேன். வழிகாட்டும் ஸ்லாட்டுக்கு வேண்டாம். தடிமன் 6 மி.மீ. தாண்டினால் அரத்தில் சுவர் நடுவில் உப்பிக்கொண்டு நிற்கும், அதைச் சரிசெய்வது ஒரு தவம்.

## ஒரே பார்வையில்

| | ரோட்டரி டேபிள் | டிஆர்ஓ / பட்டியல் | முளை ஜிக் | துளையும் அரமும் |
|---|---|---|---|---|
| ஆரம் மாறாமல் வருவது | மிக நன்று | நன்று, மேடுகளோடு | நன்று, முளையைப் பொறுத்து | கையைப் பொறுத்து |
| சுவரின் மினுமினுப்பு | மிக நன்று | அரம் போட வேண்டும் | நன்று | சுமார் |
| மையம் துண்டுக்கு வெளியே | அடிப்பலகை தேவை | சிக்கலே இல்லை | நன்று | சிக்கல் இல்லை |
| பெரிய ஆரம் | மேஜையின் அளவோடு சரி | சிறந்தது | பலகை நீள வேண்டும் | முடியும் |
| உயரம் கேட்பது | நிறைய | இல்லை | கொஞ்சம் | இல்லை |
| முதல் துண்டுக்கு நேரம் | சென்டர் பார்ப்பதில் போகும் | இறக்கங்களில் போகும் | ஜிக் செய்வதில் போகும் | குறைவு |
| இருபதாவது துண்டுக்கு | குறைவு | முதல் துண்டு மாதிரியே | மிகக் குறைவு | கை வலிக்கும் |

## உங்கள் நிலைமை எது

ஒரே ஒரு பிராக்கெட், வருடத்துக்கு ஒரு தடவை: துளையும் அரமும். இதற்காக ரோட்டரி டேபிள் வாங்கினால் அது அலமாரியில் எண்ணெய் பூசிக் கிடக்கும்.

டிஆர்ஓ இருக்கிறது, ஒன்றிரண்டு ஸ்லாட்தான், ஆரம் பெரிது அல்லது மெஷினில் உயரம் இல்லை: புள்ளிப் பட்டியல். ஒரு மதியம் போகும், போகட்டும்.

ஸ்லாட் மட்டும் இல்லாமல் துளை வட்டம், வட்ட ஓரம், பல் வெட்டுதல் என்று வேறு வேலைகளும் வரிசையில் நிற்கின்றன என்றால் ரோட்டரி டேபிள் வாங்கிவிடுங்கள். வாங்குமுன் ஸ்பிண்டிலிலிருந்து டேபிள் வரை உள்ள இடத்தை அளந்து, கோலட்டிலிருந்து கட்டர் முனை வரை, துண்டின் தடிமன், அடிப்பலகை எல்லாவற்றையும் கழித்து மீதி எவ்வளவு என்று பாருங்கள். பெரிய மேஜைதான் உறுதி என்று வாங்கி, வைத்தபின் ட்ரில் மாட்டக்கூட இடமில்லாமல் விழித்தவர்கள் உண்டு.

எக்ஸ்பான்ஷன் லிங்க் மாதிரி, மையம் துண்டுக்கு வெளியே இருக்க, இரண்டு துண்டும் ஒன்றுபோல வர வேண்டும் என்றால் நான் ரோட்டரி டேபிளையும் ஜிக்கையும் கலந்துவிடுவேன். மேஜையின் நடுத்துளையில் பிளக்கால் மையம் பிடித்த ஒரு அடிப்பலகை, அதில் இரண்டு டவல் பின் (இடம் பிடிக்கும் முளை), லிங்கில் ஏற்கெனவே ரீமர் ஓட்டிய இரண்டு துளைகள் அதில் உட்காரும். இரண்டு லிங்கையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டி ஒரே ஓட்டத்தில் வெட்டலாம். உள்ளே ஓடும் கட்டையை மட்டும் முன்கூட்டியே செய்து வைக்காதீர்கள். ஸ்லாட் 8.04 வந்தாலும் 8.07 வந்தாலும் சரி, முழு நீளத்துக்கும் ஒரே அளவாக இருக்கிறதா என்று கேஜ் பின்னை (விட்டம் துல்லியமாகத் தெரிந்த உருளையை) ஓட்டிப் பார்த்துவிட்டு, கட்டையை அதற்கேற்பத் தேய்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளி அளவை மைக்ரோமீட்டர் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது கைக்குள் இருக்கிற வேலை. பெரிதாகிவிட்ட ஸ்லாட்டைச் சிறிதாக்க முடியாது.